ஐந்தாம் குழியின் வளையம்

மார்சபிட் ஊர் ஆய்வகத்தின் ஜன்னல் வெயிலில் மூடிய கண்ணாடித் தட்டைத் தூக்கிப் பிடிக்கிறாள் திராமு. போன மழையில் ஊரையே வயிற்றுப்போக்கில் படுக்கப்போட்ட கிருமி, தட்டு முழுக்க வெள்ளைப் புழுதிபோல் வளர்ந்திருக்கிறது. நடுவில் எட்டுக் குழிகள். ஒவ்வொன்றிலும் அண்ணனின் ஒவ்வோர் ஒட்டகத்துப் பச்சைப்பாலிலிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிர். மற்ற குழிகளின் விளிம்புவரை கிருமி நெருங்கிவிட்டது. ஐந்தாம் குழியைச் சுற்றி மட்டும் கிருமி அண்ட முடியாமல், கழுவிவிட்ட வாசல்போல் பளிச்சென்று ஒரு வளையம். வளையத்தின் குறுக்கே அளவுகோல் வைக்கிறாள். பத்தொன்பது மில்லிமீட்டர். மறுபடி வைக்கிறாள். பத்தொன்பதேதான். “அண்ணி, ஓடி வா! அஞ்சாம் நம்பர் பால் எந்த ஒட்டகத்தோடது?” பால் கேனோடு வாசலில் நிற்கும் தூமே விரல்விட்டு எண்ணுகிறாள். “அஞ்சா? அது அந்த ஒத்தக்காதுச் சனியன்டி! கறக்கப் போனாலே கடிக்குமே!” “கடிக்கட்டும். இப்ப எங்க இருக்கு?” தூமேயின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. “கறிக்கு வித்தாச்சு. உங்கண்ணன் ரோட்டோரம் லாரியில ஏத்திக்கிட்டிருப்பாரு.”

ஒரு கையில் தட்டு, மறு கையில் போன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தட்டில் பட்ட வெயில் எதிர்ச்சுவரில் நடுங்குகிறது. தூமே கேனைக் கீழே வைக்க மறந்து நிற்கிறாள். போன் எடுக்கப்படுகிறது. அண்ணனின் குரலுக்கு முன்பே காதைக் கிழிக்கிறது ஓர் ஒட்டகத்தின் அலறல். “ஐயோ, மறுபடியும் கடிச்சிருச்சே! ஒரு மணி நேரமா லாரியில ஏறவே மாட்டேங்குது, திராமு!” அவள் கத்துகிற கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. “ஏத்தாதண்ணா! கடிச்சா வாங்கிக்க!”