வேலி தாண்டிய வைரஸ்

"எல்லாம் இந்த வாத்துக்காரம்மாவால வந்த வினை, டாக்டர்!"

என் வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி கத்தினார். எங்கள் பண்ணையில் கோழிகள் சுருண்டு சுருண்டு விழுந்துகொண்டிருந்தன.

கால்நடை மருத்துவர் தலையாட்டினார். "வாத்துகிட்டேருந்துதான் வந்திருக்கு. அதுங்க ஜம்முனு நீந்திட்டே இருக்கும், எச்சத்துல வைரஸ் போயிட்டே இருக்கும். கோழி அதைத் தாங்காது."

"கேட்டுக்கோங்க!" என்று வீட்டுக்காரர் மீசையை முறுக்கினார். "இன்னிக்கே வாத்தையெல்லாம் காலி பண்ணணும்!"

பக்கத்துத் தோட்டத்து அக்கா வேலியோரம் வந்து நின்றார். "என் வாத்து ஒண்ணுகூட வேலியைத் தாண்டினதில்ல தம்பி. நானும் உங்க பக்கம் கால் வெச்சதில்ல."

மருத்துவர் சுற்றிப் பார்த்தார். உயரமான வேலி, மேலே வலை, தனித் தண்ணீர், தனித் தீவனம். மண்டையைச் சொறிந்தார்.

"அப்போ எப்படி வந்துச்சு? இங்கேருந்து யாராவது அங்க போறதுண்டா?"

"அங்க எவன் போவான்?" என்றார் வீட்டுக்காரர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தினமும் காலையில நீங்க போறீங்களே!"

"அது வாத்தை அடைச்சு வைக்கச் சொல்லிச் சண்டை போட! ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம வந்துடறேன்!"

"எங்க நின்னு சண்டை போடுவார்?" என்று மருத்துவர் அக்காவைக் கேட்டார்.

"கொட்டகைக்குள்ளயே வந்து, எச்சத்தை மிதிச்சுக்கிட்டு நிப்பார்" என்றார் அக்கா.

"அப்புறம்?"

"நேரா வந்து கோழிக்குத் தீனி போடுவார்" என்றேன் நான்.

மருத்துவர் என் வீட்டுக்காரருடைய பூட்ஸைக் கழற்ற வைத்து, மருந்துத் தண்ணீரில் அமுக்கினார்.

"இனிமே சண்டைன்னா போன்லயே போடுங்க சார்."