சுவருக்கு அந்தப் பக்கம்

டெக்னோ இசை போட்டுச் சென்னையையே ஆடவைத்த ஜோஸ்வா, களமருதூருக்குத் திரும்பி வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. அப்படி என்னதான் செய்கிறான் என்று பார்க்க, நண்பன் இளவரசன் முதல்முறையாக அவன் வீட்டுக்கு வந்திருந்தான்.

ஸ்பீக்கரில் வந்த இசைக்குத் தாளமே இல்லை. வெள்ளிமலையில் பனி இறங்குவதுபோல் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது? டம்மு டம்முனு போடற ஆளு, இப்படி முனகிக்கினு இருக்கே! சவுண்டு ஜாஸ்தி வை."

"அப்பாவுக்கு ஆவாதுடா. சவுண்டு ஏறிச்சுன்னா பக்கத்து ரூம்லருந்து செவுத்தைத் தட்டுவாரு."

இளவரசன் அதைக் காதில் வாங்காமல் சத்தத்தைக் கூட்டினான்.

டொக், டொக், டொக்.

பதறிப்போய் இசையை நிறுத்தினான். "சாரிடா, அப்பா தட்டிட்டாரு!"

"அது பாட்டுலயே வரதுடா. போன கிறிஸ்துமஸ் லீவுல ரெக்கார்டு பண்ணிக்கினு இருந்தப்ப தட்டினாரு, மைக்குல ஏறிடிச்சு. எல்லாத்தையும் கெடுத்துட்டியேன்னு கத்தினேன்." ஜோஸ்வா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அடக்கம் முடிஞ்சு வந்து தேடினா, அவரு குரலுகூட எங்கிட்ட இல்ல. இந்தத் தட்டு ஒண்ணுதான் இருந்திச்சு."

இளவரசன் தான் கூட்டிய சத்தத்தைப் பழையபடி குறைத்து வைத்தான்.

டொக், டொக், டொக்.

இந்த முறை நிஜமாகவே சுவர்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஜோஸ்வாவின் அம்மா தெரசாவின் குரல் கேட்டது.

"ஏன்டா நிறுத்திட்டே? அவரு தட்டற எடத்தை இன்னொரு வாட்டி போடு. கொஞ்சம் ஜாஸ்தி வைடா."