தள்ளி நின்று

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை வெட்டினேன். சின்ன அடுப்பில் வைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். முகக்கவசம் மாட்டினேன். தெர்மாமீட்டரைத் துடைத்தேன்.

நான்கு நாளாக இதே வரிசை.

ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள். என் மகள். நான்கு வயது.

சட்டையை லேசாகத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். ஏறி இறங்கினால் ஒன்று. கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து எண்ணினேன்.

முதல் நாள் முப்பத்தெட்டு. நேற்று முப்பத்திரண்டு.

இன்று இருபத்தாறு.

தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணினேன்.

இருபத்தாறு.

நாற்பதைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரி. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் அப்படித்தான் இருக்கிறது. மூச்சு வேகமானால். விலா உள்ளே இழுத்தால். உதடு நீலமானால். தண்ணீர் குடிக்க மறுத்தால். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு படம்.

போன ஐப்பசியில் இந்தத் தாள் எங்களிடம் இல்லை.

என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது, மழைக்காலச் சளிதானே என்றேன். எம்.எஸ்ஸி. படித்திருக்கிறேன். மூன்று நாள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். மூச்சை எண்ணலாம் என்று தெரியாது.

தாளைக் கொடுத்தவர் நகராட்சி செவிலியர் பிலோமினா. ஆனி மாதம், அங்கன்வாடியில் கூட்டம். அம்மாக்கள் இருபது பேர். ஆண் நான் மட்டும். அடுத்த பெரிய ஃப்ளூ எந்த வருஷம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, வருவதற்கு முன்னால் பழகிக்கொள்வோம் என்றார். தும்மினால் உள்ளங்கை வேண்டாம், முழங்கை மடிப்பு என்று செய்து காட்டினார். பிள்ளைகளும் செய்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை நிஜமாகவே தும்மியது.

சுற்றியிருந்த நான்கு பெண்கள் ஒன்றாகக் குனிந்தார்கள். உச்சந்தலையில் கை வைத்தார்கள். "நூறு" என்றார்கள்.

பிலோமினா இடுப்பில் கை வைத்தார்.

"நூறு சொல்லுங்கம்மா, வேணாங்கல. தள்ளி நின்னு சொல்லுங்க. ஏன் மூக்குக்குள்ள போய் சொல்றீங்க?"

"தள்ளி நின்னா பலிக்குமா நர்ஸம்மா?"

"எங்க மாமியாருக்கு நான் சமையக்கட்டுல இருந்துதான் சொல்றேன். எம்பத்தி நாலு நடக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் வெளியே போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் நின்றுபோயிருந்தது. ஆதிரை தும்மினால் கைக்குட்டையை நீட்டுவேன். அவ்வளவுதான்.

ஆதிரையின் கக்கத்தில் வைத்திருந்த தெர்மாமீட்டர் கூவியது. தொண்ணூற்றெட்டுப் புள்ளி நான்கு. நேற்றுக் காலைக்குப் பிறகு மருந்து கொடுக்கவில்லை. கொடுக்காமலே இறங்கியிருக்கிறது.

தரையில் உட்கார்ந்தேன்.

சமையலறையில் பால் பொங்கி வழிந்தது. தீய்ந்த வாசனை வந்தது. அடுப்பு தானாக அணைந்த சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் ஓடிப்போய் கேஸை மூடினேன். ஜன்னலைத் திறந்தேன். மழை விட்டிருந்தது.

"அப்பா, பசிக்குது."

நான்கு நாள் கழித்துக் கேட்கிறேன் இதை.

திரும்பினேன். ஆதிரை படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். முடி ஒரு பக்கமாக நின்றது. மூக்கைச் சுருக்கினாள். அவசரமாகக் கையை மடக்கி முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்மினாள்.

பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சரியாகத் தும்மிவிட்ட பெருமை முகத்தில் இருந்தது.

காத்திருந்தாள்.

நான் சமையலறை வாசலில் நின்றேன்.

என் மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லாரும் கேட்டார்கள். "பாப்பாவைப் பாத்துக்கோங்க" என்றாள் என மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தை அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அது அப்படியே இருக்கட்டும்.

அவள் அதைச் சொல்லவில்லை.

என்னை வார்டு வாசல் வரைதான் விட்டார்கள். அவள் கட்டில் கடைசியில். நடுவே ஐந்து கட்டில். எனக்கும் அப்போது சளி. தும்மினேன். உள்ளங்கையில்தான். முழங்கையெல்லாம் அப்போது தெரியாது.

அவள் கண்ணைத் திறந்தாள். ஆக்ஸிஜன் மாஸ்க்கை இரண்டு விரலால் தூக்கினாள். நர்ஸ் ஓடி வந்து திரும்ப மாட்டினார். அதற்குள் சொல்லிவிட்டாள். ஒரே சொல்.

இருந்த மூச்சை அதற்குப் போய்ச் செலவழித்தாளே என்று ஒரு வருஷம் அவள் மேல் கோபமாக இருந்தேன்.

ஆதிரை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் தள்ளித்தான் நின்றேன். அன்று அவள் அம்மாவும் தள்ளித்தான் இருந்தாள், ஐந்து கட்டில் தாண்டி.

"நூறு."