மெஷின் மேல் குறையில்லை

ஷாப்பிங் மாலில் இருந்த கிளினிக்கில், ஆண் குழந்தைக்காக விந்தணுவைப் பிரிக்கும் மெஷினை லேப் டெக்னீஷியன் நஸ்ரீன் சோதித்தாள். பிரித்து வந்த இரண்டு குழாய்களிலும் ஆணுக்கானதும் பெண்ணுக்கானதும் பாதிப் பாதி.

"சார், இது எதையுமே பிரிக்கல."

டாக்டருக்கு வியர்த்தது. அந்நேரம் பார்த்து, பேரனுக்குப் பணம் கட்டிப் பேத்தி பெற்ற கனகமணி, மருமகளை இழுத்துக்கொண்டு வந்தார். நஸ்ரீன் அவரிடமும் உண்மையைச் சொன்னாள்.

"மெஷினக் கொற சொல்லாத கண்ணு. என்ற பையன் குடுத்தத அது சரியாத்தான் பிரிச்சிருக்கும். இவ வயித்துக்குள்ள போயித்தான் மாறிருச்சு."

டாக்டருக்கு உயிர் வந்தது. மறுவாரமே வயிற்றைச் சரிசெய்யும் மெஷின் வந்து இறங்கியது. அதைச் சோதிக்க நஸ்ரீனை யாரும் கூப்பிடவில்லை. வரிசையில் முதல் ஆளாக, கைக்குழந்தையோடு அந்த மருமகள் நின்றிருந்தாள்.