சிங்கப்பூரில் ஒரு ₹

ஜினேஷ் அனுப்பிய படத்தில் ₹ இருந்தது.

பிரம்மி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சிங்கப்பூரில் இருக்கிற போனில் டாலர் குறியல்லவா வர வேண்டும்?

சேலை விற்கிற ஒரு செயலியைத் தமிழில் கொண்டுவரும் வேலை, வீட்டிலிருந்தே. தமிழ் என்றால் ₹தானே, எல்லாருக்கும் அதையே போட்டுவிடலாம் என்றது கம்பெனி. தமிழ் பேசுகிறவர்கள் எத்தனை நாட்டில் இருக்கிறார்கள் தெரியுமா என்று இரண்டு வாரம் மல்லுக்கட்டி, போன் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டுக் குறியைக் காட்டும்படி மாற்றவைத்தவள் அவள்தான். நான்கு நாட்டிலும் சரியாக வருகிறது என்று ஆறு மணிக்குள் எழுதி அனுப்பினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான்.

இந்தியா சரி. மலேசியாவில் சித்தி மகள் சுபா பார்த்துச் சொல்லிவிட்டாள். இலங்கையும் தேறிவிட்டது. கட்டின புருஷன் இருக்கிற நாடுதானா காலை வார வேண்டும்?

மணி ஐந்தே கால். சமையலறையில் மாமியார் மத்தியானத்திலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. என்ன விசேஷமோ, பாயச வாசனை வேறு.

பிரம்மி ஜினேஷைப் போனில் பிடித்தாள்.

"இன்னாங்க, மூடிட்டுத் திரும்பத் தொறந்து பாருங்க. இப்ப இன்னா குறி வருது?"

"அதே ரூபாதான் பிரம்மி. நீ நிதானமா பாரு, நான் வெச்சுடறேன். பொழுது எறங்கறதுக்குள்ள சாப்டணும்ல."

வைத்தேவிட்டான்.

சமண வீட்டுப் பிள்ளை. சூரியன் மறைந்தபின் ஒரு பருக்கை தொடமாட்டான். இரண்டு வருஷமாகச் சிங்கப்பூரிலும் தொட்டதில்லை. அதில் அவளுக்குப் பெருமைதான், ஆனால் இன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இங்கே பெண்டாட்டிக்கு வேலை போகிறது, இவருக்குச் சோறு.

செயலியின் பட்டியலைத் திரும்பவும் திறந்தாள். சிங்கப்பூருக்கு எதிரே டாலர் குறி அசையாமல் உட்கார்ந்திருந்தது. எங்கேயும் பிழை இல்லை. நகத்தைக் கடித்தபடி ஜன்னலைப் பார்த்தாள். செஞ்சி ராஜகிரிக் கோட்டைக்கு மேலே சூரியன் இன்னும் அவசரமில்லாமல் நின்றிருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தவள் நகத்தை விட்டாள்.

சிங்கப்பூர் செஞ்சியைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. அங்கே இப்போது எட்டாகப் போகிறது. பொழுது இறங்கி அரை மணியாவது ஆகியிருக்கும்.

அப்புறம் எந்தப் பொழுது இறங்குவதற்குள் சாப்பிடப் போகிறான் இந்த மனுஷன்?

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினாள். போதவில்லை, இன்னொரு சுற்று. பாயசம் யாருக்கென்றும் விளங்கிவிட்டது. மாமியாரும் கூட்டு.

ஜினேஷின் அறைத் தோழன் ரிஷபனுக்கு ஒரு செய்தி தட்டினாள். இரண்டே நிமிஷத்தில் சிங்கப்பூரிலிருந்து படம் வந்தது. விலைக்கு முன்னால் அழகாக ஒரு டாலர் குறி.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமியார் தட்டை வைக்கிற சத்தம் கேட்டது.

எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. ஆனாலும் பிரம்மி அறிக்கையை முடித்துவிட்டே எழுந்தாள்.

ரிஷபன் போனில் $. சரி.

ஜினேஷ் போனில் ₹. அதுவும் சரி.