கண்டது, சொன்னது

நாற்பத்தொரு மணி நேரமாக அந்தோணிராஜ் காவல் நிலையத்தில் இருக்கிறான்.

அவனை உள்ளே அனுப்பிய வீடியோ வகுப்பறைத் திரையில் ஓடுகிறது. சத்தமில்லாமல்.

செல்வராணி டீச்சரின் திங்கட்கிழமை வழக்கம் அது. எந்தச் செய்தியையும் விளம்பரத்தையும் முதலில் சத்தத்தை அணைத்துப் பார்க்க வேண்டும். பிறகுதான் சத்தத்தோடு. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் கண்டது. அந்தப் பக்கம் சொன்னது.

போன வாரம் சிவப்பழகு கிரீம் விளம்பரம். மூன்றாம் பெஞ்சில் இருக்கும் அவள்தான் வகுப்பிலேயே அதிகம் பேசினாள்.

இன்று தலை நிமிரவில்லை.

அவளுக்குப் பக்கத்து இடம் காலி. அந்தோணிராஜின் தங்கை ரோஸ்லின் வரவில்லை.

"சொல்லுங்க. என்ன பாத்தீய?"

"பைக் திருடன், டீச்சர்."

"அது கீழ எழுதியிருக்கது. நீ பாத்தது என்ன?"

"மூஞ்சியப் பாத்தாலே களவாணின்னு தெரியுதே." பின்வரிசையிலிருந்து மாரிச்செல்வம்.

"உன் மூஞ்சியப் பாத்தா என்ன தெரியுதுன்னு சொல்லட்டாலே?" என்றாள் சுபா.

வகுப்பு சிரித்தது.

டீச்சர் படத்தை நிறுத்தினார். தெரு. ஒருவனைச் சுற்றி ஆறேழு பேர். ஓரமாக வண்டி.

"ஒரு கையில சாவி இருக்கு, டீச்சர்."

"வண்டியிலயே விட்டுட்டுப் போயிருப்பாவ."

"இன்னொரு கையில செருப்பு."

டீச்சர் எழுதினார். சாவி. செருப்பு.

"செருப்ப எதுக்குக் கையில வச்சிருக்கான்?"



மேலத் தெரு வழியாக வரும் காலனிக்காரர்கள் வண்டியை விட்டு இறங்க வேண்டும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

கரும்பலகையில் யாரும் எழுதியதில்லை.

தலை நிமிராதவளின் வீடும் மேலத் தெருவில்தான்.

காலையில் சடை பின்னும்போது அம்மா சொன்னாள். யார் கேட்டாலும் அன்னிக்கு நாம வீட்டுல இல்ல, என்ன?

சரி என்றாள்.

சொல்லிவிட்டால் அந்தோணிராஜ் வெளியே வருவான். வேறொருவன் உள்ளே போவான்.

டீச்சர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"படத்துல இருக்கவங்கள எல்லாரும் பாத்துட்டீய. படத்துல இல்லாத ஒரு ஆளு இருக்காரு. யாரு?"

"எடுத்தவரு."

"எங்க நின்னு எடுத்தாரு?"

"மேலருந்து, டீச்சர். தலை எல்லாம் சின்னதாத் தெரியுது."

"மாடி."

"யார் வீட்டு மாடி?" என்று கேட்டாள் சுபா.

மேலத் தெருவில் மாடி வீடுகள் மூன்றுதான். அவள் உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"இருங்க. இப்ப சத்தத்தோட பாப்போம்." டீச்சரின் கை மடிக்கணினிக்குப் போனது.

அவள் எழுந்துவிட்டாள். பெஞ்சு பின்னால் கிறீச்சிட்டது.

"வேண்டாம், டீச்சர்."

எல்லோரும் திரும்பினார்கள்.

திரையைக் காட்டினாள்.

"எடுத்துக்கிட்டே சிரிக்கது எங்க அண்ணன்."