ஹயாதே தாண்டிய நாள்

“எழுந்திரு! குதிரைக்கு அடிபட்டிருக்கான்னு முதல்ல பாரு!”

மணலில் குப்புறக் கிடந்த கயோவைப் பார்த்துத்தான் குரோய்வா மாஸ்டர் கத்தினார். அன்று காலையில் அவள் விழுந்தது அது மூன்றாவது தடவை. வேலிக்கு வெளியே நின்றிருந்த அவள் அம்மா ஃபுமியே, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாய்க்குள் போன மணலைத் துப்பிவிட்டுக் கயோ எழுந்தாள். ஹயாதே ஒன்றுமே நடக்காதது போல வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பந்தயத்துக்கு ஆகாது என்று கழித்துவிட்ட குதிரை அது. தாண்டப்போகிற மாதிரி ஓடிப்போய், தடைக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று இடது பக்கம் நழுவிவிடும். குதிரையேற்றப் பள்ளியில் வேறு யாரும் அதன்மேல் ஏறுவதில்லை.

“எல்லாருக்கும் சாதுவான குதிரை. எனக்கு மட்டும் ஏன் மாஸ்டர் இது?”

“பிடிக்கலேன்னா வீட்டுக்குப் போ. போய் உங்கம்மாவோட உக்காந்து தோஃபு வித்துட்டு இரு.”

“பார்த்து மாஸ்டர், தோஃபு உடைஞ்சிடப் போகுது!” என்றான் லாயப்பக்கம் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். தொட்டால் உடைகிற அந்தச் சோயாக் கட்டிதான் அவள் வீட்டுக் கடையின் வியாபாரம். கயோவுக்குக் காது மடல் வரை கொதித்தது. மறுபடி சேணத்தில் ஏறினாள்.

திரும்பும் வழியில், கடை வேனை ஓட்டிக்கொண்டே ஃபுமியே அழுதாள்.

“போதும்டி. நிறுத்திடு. அந்தாளு கையில நீ சாகணுமா?”

“மாட்டேன். நான் விட்டுட்டுப் போனா அந்தாளுக்குத்தான் கொண்டாட்டம்.”

முதல் வருஷம் மாஸ்டர் இப்படி இல்லை. அவள் விரல்களைப் பிடித்துக் கடிவாளம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இலையுதிர்காலப் போட்டிக்கு வடகோடித் தீவான ஹொக்கைடோவிலிருந்து ஒரு குதிரைப் பண்ணைக்காரர் நடுவராக வருகிறார், ஜெயிக்கிறவரைத் தன்னோடு வேலைக்கு அழைத்துப் போவார் என்ற பேச்சு வந்ததிலிருந்துதான் எல்லாம் கெட்டது.

அந்தச் சேதியைக் கயோ சொன்னபோது, “உன் இஷ்டம்” என்றாள் ஃபுமியே. அப்பா போன பிறகு கடையில் இருந்தது அவர்கள் இரண்டே பேர்தான். சொல்லிவிட்டு, ஊறவைத்த சோயாவைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

புத்தாண்டுக்கு அம்மாவே பெட்டி நிறைய இனிப்போடு மாஸ்டர் வீட்டுக்குப் போய்வந்தாள். மகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். அதற்கப்புறம்தான் அவர் கயோவை ஹயாதேமேல் ஏற்றினார்.

“அவருக்குப் போய் இனிப்பா! விஷம் கொடுத்திருக்கணும்மா” என்று கயோ பலநாள் பொருமியிருக்கிறாள்.

போட்டியன்று விடியுமுன்னே போய் ஹயாதேயைக் குளிப்பாட்டி, பிடரி மயிரைச் சின்னச் சின்னக் கொண்டையாக முடிந்தாள். அம்மா பிடித்துக் கொடுத்த சோற்றுருண்டை டப்பாவிலேயே இருந்தது.

களத்தின் வாசலில் மாஸ்டர் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினார்.

“முதல் தடையிலேயே விழுவ. உங்கம்மா முன்னாடி அது வேணுமா? இப்பவே போட்டியிலேர்ந்து பேரை எடுத்துடு.”

“கையை எடுங்க மாஸ்டர்.”

“கயோ...”

“கையை எடுங்க!”

மணி அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு தடையும் அவர் முகமாகவே தெரிந்தது. முதல் தடை போயிற்று, இரண்டாவது போயிற்று. சிவப்புச் சுவருக்கு முன்னால் ஹயாதேயின் இடது தோள் லேசாகத் தாழ்ந்தது. நழுவப்போகிறது. மாதக்கணக்கில் விழுந்து விழுந்து அந்த அசைவு அவள் உடம்புக்கே தெரிந்திருந்தது. இடது காலை அழுத்தி, வலது பக்கம் இழுத்து, “போடா!” என்று கத்தினாள்.

ஹயாதே பறந்தது. கடைசித் தடைவரை ஒரு கட்டைகூட விழவில்லை. தோஃபு என்று சிரித்தவர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். ஃபுமியே மட்டும் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள்.

ஹொக்கைடோக்காரர் பரிசு ரிப்பனைக் குதிரையின் தலைவாரில் குத்திவிட்டுச் சொன்னார்: “பனி விழறதுக்குள்ள வந்து சேர்ந்துடும்மா. எங்ககிட்ட இதைவிட முரட்டுப் பசங்க இருக்கானுங்க.”

கயோ இறங்கி நேராக மாஸ்டரிடம் போனாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“எத்தனை தடவை விழ வச்சீங்க! எத்தனை பேர் முன்னாடி கேவலப்படுத்தினீங்க! இப்ப சொல்லுங்க, நான் தோஃபு விக்கப் போகவா?”

அவர் அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஃபுமியே வந்துகொண்டிருந்தாள். முகம் சிவந்து, உதடு துடித்தது. அம்மாவை இவ்வளவு ஆத்திரத்தோடு கயோ பார்த்ததே இல்லை. இத்தனை நாள் பொறுத்தவள் இன்றைக்கு எனக்காகக் கேட்டே விடப்போகிறாள் என்று மனம் பொங்க, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மாஸ்டர் இடுப்பு வளையக் குனிந்தார். “மன்னிச்சிடுங்கம்மா. என்னால முடிஞ்சதெல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன்.”

ஃபுமியே அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“இவள விரட்டி விட்டுடுங்கன்னுதானே உங்க கால்ல விழுந்தேன்!”